ரவுட்டரின் முதுகில் ஒரு ஹார்ட் டிஸ்க்

வீட்டு ரவுட்டர்கள் பலவற்றின் பின்பக்கத்தில், கேபிள் செருகும் துளைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு யூ.எஸ்.பி. துளையும் இருக்கிறது. இணைப்புக் கொடுக்க வருபவர் அதைப் பற்றிச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஓரிரு தேர்வுகளைச் செய்துவிட்டால், வீட்டிலுள்ள போன், லேப்டாப், டிவி எல்லாமே ஒரே இடத்திலிருந்து படமும் பாட்டும் எடுத்துக்கொள்ளலாம். மாதச் சந்தா கிடையாது. இணையம் வராத நாளிலும் ஓடும், ஏனென்றால் எதுவும் வீட்டை விட்டு வெளியே போய்த் திரும்புவதில்லை. இத்தனை உதவியான ஒன்றைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. உறவினர் வீடுகளில் அமைத்துப் பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

*

ஒரு வீட்டில் என்னவெல்லாம் இருக்கும்? கல்யாண வீடியோ, ஸ்டுடியோக்காரர் கொடுத்த பென் டிரைவில். காதுகுத்துப் படங்கள் அண்ணனின் பழைய லேப்டாப்பில். தாத்தா பேசியது யாருடைய போனிலோ. பத்திரம், பட்டா, மதிப்பெண் சான்றிதழ் ஸ்கேன் செய்தவை இன்னொரு பென் டிரைவில். ஊரிலிருந்து வந்த அத்தை, "தம்பி, அந்தக் காதுகுத்து வீடியோவ டிவில போடேன், பாத்து எவ்ளோ நாளாச்சு" என்று கேட்டால் பீரோவைக் கிளற வேண்டியிருக்கிறது. பொது டிஸ்க்கின் முதல் பயன், கேட்ட நேரத்தில் கேட்டது கிடைப்பதுதான். மற்ற வசதிகளெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொரு பயனும் உண்டு, யாரும் அதைப் பேசுவதில்லை. போர்ட்டபிள் டிஸ்க்குகளில் வருகிற அகலமான தட்டை முனை, அடிக்கடி பிடுங்கிச் செருகினால் தளர்ந்துவிடும். தளர்ந்த முனை, கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போதே தொடர்பை விட்டுவிடும். டிஸ்க் நல்ல நிலையில் இருக்க, முனை மட்டும் ஆடியதால் கோப்பு கெட்ட வீடுகள் நிறைய. ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்திருக்கும் டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை குறைவு.

*

பகிர்வதில் இரண்டு வகை. ஒன்று, கோப்புகளைப் பகிர்வது. டிஸ்க்கை ரவுட்டர் மட்டுமே கையாளும். மற்றவர்கள் ரவுட்டரிடம் கேட்டு வாங்குவார்கள். இன்னொன்று, அந்த யூ.எஸ்.பி. சாதனத்தையே கம்பி நீட்டியதுபோல் தொலைவிலுள்ள கணினிக்குக் கொடுத்துவிடுவது. லினக்ஸில் இதற்கு யூ.எஸ்.பி./ஐ.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது. பிரிண்டர், ஸ்கேனர் போன்றவற்றுக்கு அது பொருந்தும்.

டிஸ்க்குக்கு இரண்டாவது வகை வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கணினிதான் அதை எடுத்தாள முடியும். எப்படியாவது இரண்டு கணினிகள் ஒரே டிஸ்க்கை நேரடியாகத் திறந்துவிட்டால், ஒரே கணக்கு நோட்டில் இருவர் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதியது போலாகும். எந்த இடம் காலி, எந்த இடத்தில் எந்தக் கோப்பு என்ற அட்டவணையே சிதைந்துவிடும்.

இந்த வகைக்குத் தைவானின் கேகோட்ஸ் நிறுவனம் நெட்யூ.எஸ்.பி. என்ற மென்பொருளை எழுதி, பல ரவுட்டர் நிறுவனங்களுக்கு விற்றது. 2015 மே மாதம் அதில் ஓர் ஓட்டை வெளிவந்தது. இணைய வரும் கணினி தன் பெயரை 64 எழுத்துக்கு மேல் நீட்டிச் சொன்னால், ரவுட்டரின் நினைவகம் நிரம்பி வழியும். அதன் வழியாக உள்ளே நுழைந்துவிடலாம். டிஸ்க்கையோ பிரிண்டரையோ செருகுவதற்காக வைத்த வசதி ரவுட்டரையே திறந்துவிட்டது. தேவைப்படாவிட்டால் இதை அணைத்து வைப்பதே நல்லது.

*

டிஸ்க்கை எதில் செருகுவது? ரவுட்டர், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, பழைய லேப்டாப் என்று மூன்று வழிகள்.

ரவுட்டர் எளிது. ஆனால் அதன் செயலி சிறியது, நினைவகம் கொஞ்சம். இணைப்போடு வரும் பெட்டிகள் பலவற்றில் துளை யூ.எஸ்.பி. 2.0தான். நாலு பேர் வீடியோ அழைப்பில் இருக்கும்போது அதே பெட்டியிடம் கோப்பு நகலும் கேட்டால் இரண்டும் தடுமாறும்.

ராஸ்பெர்ரி பை வாங்குவதானால் 2019 ஜூனில் வந்த 4ஆம் மாதிரியோ அதற்குப் பிந்தியதோ வாங்க வேண்டும். அதற்கு முந்தியவற்றில் நெட்வொர்க்கும் யூ.எஸ்.பி.யும் ஒரே யூ.எஸ்.பி. 2.0 பாதையைப் பங்கிட்டுக்கொண்டன. டிஸ்க்கிலிருந்து வருவதும் கேபிளில் போவதும் ஒரே சந்துக்குள் நெருக்கியடிக்கும். 4ஆம் மாதிரியில் இரண்டும் தனித்தனி. அதிலும் எல்லா யூ.எஸ்.பி. துளைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். இரண்டு போர்ட்டபிள் டிஸ்க் மாட்டுவதானால் தனி அடாப்டர் உள்ள ஹப் வேண்டும்.

என் ஓட்டு பழைய லேப்டாப்புக்கு. திரையில் கோடு விழுந்தது, கீபோர்டு பாதி போனது, எதுவானாலும் பரவாயில்லை. கடந்த பத்தாண்டில் வாங்கியதாக இருந்தால் யூ.எஸ்.பி. 3.0 நிச்சயம் இருக்கும், கிகாபிட் கேபிள் துளையும் பலவற்றில் இருக்கும். எல்லாவற்றையும் விட, உள்ளே பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனாலும் லேப்டாப் அணையாது. போர்ட்டபிள் டிஸ்க் தன் மின்சாரத்தை லேப்டாப்பிலிருந்தே எடுப்பதால் அதுவும் அணையாது. நம் ஊர் மின்வெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ஓபன்மீடியாவால்ட் போன்ற இலவச மென்பொருளைப் போட்டால் மற்றொரு கணினியின் பிரவுசரிலிருந்தே எல்லாவற்றையும் நடத்தலாம். விண்டோஸிலேயே இருக்கட்டும் என்றால், தூங்கிப் போகும் அமைப்பை மட்டும் நிறுத்த வேண்டும்.

மின்செலவு? சும்மா இருக்கும்போது 10 வாட் இழுத்தால் மாதம் 7 யூனிட் சொச்சம், இரு மாத பில்லில் 14, 15 யூனிட். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் சார்ஜில் கிடக்கும் பேட்டரி உப்புகிறதா என்று அவ்வப்போது தூக்கிப் பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

*

வேகக் கணக்கு. 100 மெகாபிட் கேபிள் துளை என்றால் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட், கையில் கிடைப்பது 11 சொச்சம். 4 ஜிபி வீடியோ ஒன்றை நகலெடுக்க ஆறு நிமிடம். கிகாபிட் என்றால் நொடிக்கு 110 மெகாபைட்டை ஒட்டி வரும், அதே வீடியோ முக்கால் நிமிடத்துக்குள் முடியும். பார்ப்பதற்கு இவ்வளவு வேகம் வேண்டியதில்லை. சாதாரண ஃபுல் எச்.டி. படம் ஓட நொடிக்கு 10 மெகாபிட் போதும். ஆகவே "படம் நல்லா ஓடுது, காப்பி மட்டும் இழுக்குது" என்றால் எதுவும் கெடவில்லை. முதல் தடவை மொத்தமாக நிரப்பும்போது டிஸ்க்கை நேராகக் கணினியில் செருகி நிரப்பிவிட்டு, பிறகு கொண்டுபோய் மாட்டினால் ஒரு நாள் மிச்சம்.

*

டிஸ்க்கை மாட்டியதிலிருந்து வைஃபை மோசமாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். பிரமை இல்லை. யூ.எஸ்.பி. 3.0 தகவல் அனுப்பும்போது எழுகிற மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பட்டை வரை பரவுகிறது. இன்டெல் 2012இலேயே இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. டிஸ்க்கை ரவுட்டரின் ஆன்டெனாவை ஒட்டி வைக்காமல் நல்ல உறையிட்ட கேபிளால் தள்ளி வைக்க வேண்டும். முடிந்தவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும். சில ரவுட்டர்களில் அந்தத் துளையை 2.0 வேகத்துக்கு இறக்கும் தேர்வும் உண்டு.

*

மின்சாரம். யூ.எஸ்.பி. 2.0 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், 3.0 துளை 900. போர்ட்டபிள் டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில்தான் அதிகம் கேட்கும். கொடுக்க முடியாத துளையில் டிஸ்க் "டிக்… டிக்" என்று முனகும், மறுபடி மறுபடி தொடங்கப் பார்க்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே எடுத்துவிடுங்கள். பெரிய, மேசையில் வைக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கரண்ட் போனால் அதுவும் போகும். ரவுட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் வைத்துவிட்டு டிஸ்க்கின் அடாப்டரைச் சாதா பிளக்கில் விட்டால், ரவுட்டர் விழித்திருக்க டிஸ்க் மட்டும் செத்து விழும். இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

வெயிலையும் சொல்ல வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் போர்ட்டபிள் டிஸ்க்குகளுக்கு இயங்கும் சூழல் 5 முதல் 35 டிகிரி வரை என்று போட்டிருக்கும். மே மாதத்தில் நம் வீடுகள் பகலிலேயே அதைத் தாண்டும். சூடாக இருக்கும் ரவுட்டரின் தலைமேல் டிஸ்க்கை வைப்பதும், பரணில் மூடிய அலமாரிக்குள் வைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். காற்று படுகிற திறந்த தட்டே போதும்.

*

எந்த வடிவில் ஃபார்மட் செய்வது என்பதில்தான் பலரும் யோசிக்காமல் போகிறார்கள்.

ஃபேட்32, எதிலும் ஓடும். ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. ஸ்டுடியோ தரும் கல்யாண வீடியோ பெரும்பாலும் அதைவிடப் பெரிது.

எக்ஸ்ஃபேட், மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்தது. கோப்பின் அளவுக்குத் தடையில்லை. அதன் விவரக்குறிப்பை 2019இல்தான் பொதுவில் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகே லினக்ஸின் உள்ளேயே ஆதரவு வந்தது. ரவுட்டர்களின் உள்ளே ஓடுவது பெரும்பாலும் பழைய லினக்ஸ். பல ரவுட்டர்கள் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கைக் கண்டுகொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

எக்ஸ்ஃபேட்டில் இன்னொரு குறை. எழுதப்போவதை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜர்னல் அதில் கிடையாது. எழுதும் நடுவில் கரண்ட் போனால் அட்டவணை அரைகுறையாக நிற்கும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்.ஸிலும் லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4இலும் அந்தக் குறிப்பு உண்டு. கரண்ட் வந்ததும் அதைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எப்போதும் ரவுட்டரிலேயே இருக்கும் டிஸ்க் என்றால் என்.டி.எஃப்.எஸ். லினக்ஸ் போட்ட லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பையிலோ நிலையாக இருக்கும் டிஸ்க் என்றால் இ.எக்ஸ்.டி.4. அடிக்கடி கழற்றி எடுத்துப்போக வேண்டிய டிஸ்க்குக்கு மட்டும் எக்ஸ்ஃபேட். கழற்றும் முன் ரவுட்டர் பக்கத்தில் பாதுகாப்பாக நீக்கும் பொத்தானை அழுத்துவது எல்லாவற்றுக்கும் பொது.

*

கோப்பு கேட்பதற்கும் கொடுப்பதற்கும் கணினிகள் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. யூனிக்ஸ் பக்கம் அதைக் கொண்டுவந்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர். 1991 கடைசியில், கேபிளில் ஓடும் தகவல் பொட்டலங்களைக் கவனித்து, எது கேள்வி எது பதில் என்று தானே புரிந்துகொண்டு எழுதினார். அதுவே சாம்பா. இன்றும் பெரும்பாலான ரவுட்டர்களின் யூ.எஸ்.பி. பகிர்வுக்குப் பின்னால் ஓடுவது அதுதான். ஒரு மாணவர் இலவசமாகக் கொடுத்த உழைப்பின் மேல்தான் நம் வீட்டுக் கல்யாண வீடியோ டிவிக்குப் போகிறது. இதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

முதல் எஸ்.எம்.பி. பதிப்பை இப்போது விட்டுவிட வேண்டும். 2017 மே 12 அன்று உலகெங்கும் கணினிகளைப் பூட்டிய வான்னாகிரை என்ற நச்சு நிரல், அந்தப் பழைய பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்திலிருந்த ஓட்டையின் வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் முதல் பதிப்பு வருவதில்லை. "நேத்து வரைக்கும் டிஸ்க் தெரிஞ்சுது, புது லேப்டாப்புல தெரியல" என்பதற்கு இது ஒரு காரணம்: ரவுட்டருக்குப் பழைய முறை மட்டுமே தெரியும்.

அதற்குத் தீர்வாக, விண்டோஸில் பழையதை மறுபடி இயக்கும் வழியைச் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். செய்யாதீர்கள். ரவுட்டருக்குப் புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க்கை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது காரணம் புதியது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, ப்ரோ வகையில், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை ஏற்பதில்லை. வரும் பொட்டலங்களில் சரிபார்ப்புக் கையொப்பமும் கேட்கிறது. ரவுட்டர் பக்கத்தில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கிக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். எப்படியும் செய்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் பெயர் வரவில்லை என்றால் டிஸ்க் இல்லை என்று பொருளல்ல. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு ரவுட்டரின் எண்ணை, பல வீடுகளில் 192.168.1.1, நேராகத் தட்டினால் திறக்கும்.

*

டிவிக்கு வேறு வழி, டி.எல்.என்.ஏ. ரவுட்டரில் மீடியா சர்வர் என்று ஒரு தேர்வு இருக்கும். இயக்கினால் டிவி தானாகவே கண்டுபிடிக்கும். வயதானவர்களுக்கு வசதி. ஆனால் அதற்குக் கடவுச்சொல் என்ற ஒன்றே கிடையாது. வைஃபைக்குள் வந்தவர் யாரானாலும் பார்க்கலாம். விசேஷ நாளில் வந்தவர்க்கெல்லாம் வைஃபை கொடுக்கிற வீடு என்றால், விருந்தினருக்கான தனி வைஃபையைக் கொடுங்கள்.

கோப்புப் பெயர்களைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக வைக்கலாம். எஸ்.எம்.பி. யூனிகோடைச் சிதைக்காமல் கடத்தும். சில பழைய டிவிகளில் தமிழ் எழுத்துரு இல்லாததால் கட்டம் கட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். அந்த டிவியிலும் வி.எல்.சி. அல்லது கோடி செயலி உள்ள ஒரு ஆண்ட்ராய்டு பெட்டியை மாட்டினால் எழுத்து சரியாக வரும். பெயரின் முன்னால் ஆண்டை எண்ணில் போட்டுவிட்டால் தேடுவது இன்னும் எளிது.

*

யார் எழுதலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று பிரித்து வைப்பது அவசியம். டிவிக்கும் பிள்ளைகளின் போனுக்கும் பார்க்கும் உரிமை போதும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல் ஒரு லேப்டாப்பில் புகுந்தால், அந்த லேப்டாப்புக்கு எங்கெல்லாம் எழுதும் உரிமை உண்டோ அங்கெல்லாம் போய்ப் பூட்டும். பொது டிஸ்க்கும் தப்பாது. பத்திரம், ஆதார் நகல்களைப் பொது ஃபோல்டரில் வைக்கவே வேண்டாம்.

*

பகிர்ந்து வைத்தது பத்திரமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். வீட்டிலுள்ள ஒரே பிரதி அந்த டிஸ்க்கில்தான் என்றால், நிலைமை முன்பைவிட மோசம். முன்பாவது நாலு பென் டிரைவில் சிதறிக் கிடந்தது. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் சொல்லிப் பரவிய விதி 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. அவ்வளவு முடியாதென்றால் இன்னொரு டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு முறை நகலெடுத்து, தங்கை வீட்டிலோ ஊரில் அம்மாவிடமோ கொடுத்து வையுங்கள்.

2021 ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற நெட்வொர்க் டிஸ்க்கை வைத்திருந்த பலர், காலையில் பார்த்தபோது எல்லாம் அழிந்திருந்தது. இணையத்தின் வழியே யாரோ உள்ளே வந்து, ஆலைநிலைக்குத் திருப்பும் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். 2015க்குப் பிறகு அந்தச் சாதனத்துக்குத் திருத்தங்கள் வந்திருக்கவில்லை. இரண்டாவது பிரதி இல்லாதவர்கள் பல ஆண்டுப் படங்களை இழந்தார்கள்.

*

ரவுட்டர் டிஸ்க்குகளுக்கே நேர்ந்தது ஒன்று உண்டு. 2014 பிப்ரவரியில் ஆசுஸ் ரவுட்டர்களில் டிஸ்க் மாட்டியிருந்தவர்கள் பலர், தங்கள் ஃபோல்டர்களுக்குள் தாங்கள் எழுதாத ஒரு கோப்பைக் கண்டார்கள். உங்கள் டிஸ்க் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது என்று யாரோ வெளியிலிருந்து வந்து எச்சரித்து விட்டுப் போயிருந்தார்கள். டிஸ்க்கை வெளியிலிருந்து எடுக்கும் வசதியை அமைக்கும்போது, கடவுச்சொல்லே இல்லாமல் யாரையும் அனுமதிக்கும் தேர்வு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. உரிமையாளர்கள் அடுத்தது, அடுத்தது என்று அழுத்திப் போயிருந்தார்கள். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் விசாரித்தது; 12,900க்கும் மேற்பட்டவர்களின் டிஸ்க்குகளுக்குள் ஆட்கள் நுழைந்ததாக அதன் புகார் சொன்னது. 2016இல் நிறுவனம் சமரசத்துக்கு வந்து, இருபது ஆண்டுகளுக்கு வெளித் தணிக்கைக்கு உட்பட ஒப்புக்கொண்டது.

குற்றம் நிறுவனத்தின் மேல்தான். ஆனால் அதுபோன்ற தேர்வு உங்கள் ரவுட்டரில் எப்படி இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க முடியும். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து யூ.எஸ்.பி. பகுதிக்குப் போங்கள். எஃப்.டி.பி. என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை இயங்கினால் அணையுங்கள். இணையத்திலிருந்து அணுகலாம் என்ற தேர்வு எங்கிருந்தாலும் அணையுங்கள். எஸ்.எம்.பி. பயன்படுத்தும் 445ஆம் வாயிலை வெளியே திறந்து வைத்திருந்தால் மூடுங்கள். வெளியூரிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் வயர்கார்டு போன்ற வி.பி.என். வழியாக மட்டும் வாருங்கள். ரவுட்டருக்கு வந்தபோதிருந்த கடவுச்சொல்லே இன்னும் இருந்தால், டிஸ்க்கை மாட்டும் முன் முதலில் அதை மாற்றுங்கள்.